அக்காகிட்ட குடுத்துட்டேன்

போன மாதம் குக்கருக்கு ஒரு கேஸ்கட் ஆன்லைனில் வாங்கினேன். கொடுத்தாகிவிட்டது என்று செல்போனில் செய்தி வந்தது. பொருள் வரவில்லை. வாசலில் பார்த்தேன், மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன், எதிர் வீட்டில் கேட்டேன். பிறகு ஆப்பில் 'எனக்கு வரவில்லை' என்ற இடத்தைத் தொட்டேன். மனைவி அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பணம் திரும்பி வந்துவிட்டது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நிஜம் சொல்கிறேனா, கதை விடுகிறேனா என்றுகூட யாருக்கும் அக்கறை இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கென்னவோ கோபம் வந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் ஜனங்களைக் கேள்வி கேட்டே தொண்டை வற்றியவன் நான். என்னை ஒருத்தராவது கேட்க வேண்டாமா?

எங்கள் பழைய ஹப்பின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் புலம்பினேன். பார்சல்கள் லாரியில் வந்து இறங்கி, தெருவாரியாகப் பிரிந்து போகிற இடத்தைத்தான் ஹப் என்போம். "பாஸ்கர் அண்ணா, இப்ப நாங்க யாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறதே இல்ல. எல்லாம் சிஸ்டமே பாத்துக்குது. நீங்கல்லாம் ஒரு பார்சலுக்காக வீடு வீடாப் போவீங்களாமே? எழுதுங்கண்ணா, படிக்கிறோம்" என்று அங்கே இப்போது வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதினாள். மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டைவிரல்களை நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கூரியர் கடையில் சைக்கிளோடு வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட், காலேஜ் சர்டிபிகேட் என்று சுமந்து, விலாசம் படிக்கக் கற்றுக்கொண்டேன். தாம்பரத்து விலாசத்தைப் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிழக்கு என்று எழுத வேண்டியவர் மேற்கு என்று எழுதிவிட்டால் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டும். எந்த நகருக்குப் போனாலும் ஒரு கோயில் தெரு இருக்கும், ஒரு சர்ச் தெரு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முதல் குறுக்கு, இரண்டாவது குறுக்கு இருக்கும். கதவில் பழைய எண் ஒன்று, புது எண் ஒன்று. வீட்டுக்காரருக்கே எது எதுவென்று சந்தேகம் இருக்கும். பிறகு கூரியர் கடை மூடியது. ஆன்லைன் கம்பெனிகளுக்குப் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிற ஒரு நிறுவனம் தாம்பரம் பக்கத்தில் ஹப் திறந்தது. அங்கே போனேன். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். இடம் மாறிப் போன பார்சல்களை விசாரித்து, பணம் திருப்பித் தரலாமா கூடாதா என்று எழுதி வைக்கிற பிரிவு.

அந்தப் பிரிவுக்குத் தலைவி கஸ்தூரி மேடம். பல்லாவரத்துக்காரர். குள்ளமான உருவம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது என்பதால் கீழே ஒரு காலி அட்டைப்பெட்டியைப் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொள்வார். அது நசுங்கியதும் வேறு பெட்டி வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் "அப்படியா?" என்று கேட்டால் சொன்னவனுக்கே தான் சொன்னதில் சந்தேகம் வந்துவிடும்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் புகார் வந்தாலும் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். "மனசுக்குள்ள படிச்சா நம்ம குரல்லதான் கேக்கும் பாஸ்கர். அவங்க குரல்ல கேக்கணும். சத்தமா படிங்க" என்பார். ஐம்பது வயதுக்கு மேல் நான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்று, "என் மிக்ஸி ஜார் எங்கேடா" என்று எவரோ எழுதியதை அதே கோபத்தோடு வாசித்திருக்கிறேன். பக்கத்துப் பிரிவு ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. போகப் போக அந்த வித்தை எனக்கும் பிடிபட்டது. பொய்ப் புகார்கள் வாசிக்கும்போது எங்கேயாவது இடறும்.

விசாரணைக்கு அவர் வைத்திருந்த வரிசையும் தனி. மற்ற ஹப்புகளில் முதலில் வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்கள். எங்களிடம் முதலில் டெலிவரி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். "வாசல்ல நின்னவன் அவன்தான். முதல்ல கேட்டா பேச்சு, கடைசியில கேட்டா அது மிரட்டல்" என்பார். அதற்கப்புறம், பார்சலைக் கொடுத்த இடத்தில் அவன் செல்போன் இருந்ததற்கான புள்ளியை வரைபடத்தில் பார்ப்போம். பிறகு அவன் எடுத்த போட்டோ. பொருளை வாசற்படியில் வைத்தோ, வாங்குகிறவர் கையில் கொடுத்தோ ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆள் முகம் தெரியக்கூடாது. ஆனால் வாசற்படி ஒன்றே போதும். மிதியடி, செருப்பு, கிரில் கம்பி, பூந்தொட்டி என்று வீட்டின் ஜாதகமே அதில் இருக்கும். சேலையூரில் தவறிப்போன ஒரு மின்விசிறியைப் போட்டோவின் ஓரத்தில் தெரிந்த நாயின் வாலை வைத்துக் கண்டுபிடித்தோம். வாலைத் தேடிக்கொண்டு நான்கு தெரு நடந்தேன். கடைசியில் அந்த நாய் என்னைக் கண்டுபிடித்துத் துரத்தியது.

இவ்வளவும் ஆன பிறகுதான் வாடிக்கையாளரிடம் பேச்சு. எல்லாம் சரியாக இருந்தால் அவர் ஆப்பில் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். 'பொருளைப் பெற்றவர் எனக்கு உறவு இல்லை' என்பது அந்தக் கட்டத்துக்கு நேரே இருக்கும் வரி. டிக் விழுந்தால் பணம் திரும்பும். தவறிய பொருளே எங்கள் கைக்குக் கிடைத்து, கம்பெனியின் பெரிய கிடங்குக்குப் போய் அங்கே ஸ்கேன் ஆகிவிட்டால் டிக்கும் தேவையில்லை, பணம் தானாகவே போய்விடும். கோவளத்தில் ஒரு படகுக்காரருக்குப் போன சட்டைகளை, அவர் கடலுக்குப் போயிருந்ததால், கரையில் மீன் ஏலம் விடும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா கூடைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார். சட்டையை முகர்ந்து பார்த்த கஸ்தூரி மேடம், "வாசனையும் சேதம்தான். பணத்தைக் குடுத்துடுங்க" என்று முடித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே முடிந்த கேஸ்கள்தான் நிறைய. ஒன்று மட்டும் அப்படி முடியவில்லை.

அது டிசம்பர் மாதம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பார்சல்கள் குவியும் நாட்கள். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் சர்ச் தெரு இரண்டாவது குறுக்கில் இருந்த ஒருவர், பொருள் வரவில்லை என்று ஆப்பில் பதிந்திருந்தார். சிஸ்டம் அவருக்கு உடனே ஒரு பதிலை அனுப்பியிருந்தது. 'தங்கள் பொருளை தங்கள் சகோதரி பெற்றுகொண்டார். ஆகவே பணம் திருப்பி தர இயலாது.' இப்படி மறுக்கப்பட்டவர்கள் அடுத்து போனில் வந்து காய்ச்சுவார்கள். அதற்குத் தயாராகத்தான் நான் போனை எடுத்தேன்.

"சார், நான் ஸ்டெல்லா பேசறேன். ரிட்டயர்டு தமிழ் டீச்சர்."

"சொல்லுங்க டீச்சர். பணம் வரலைன்னுதானே?"

"பணம் கிடக்கட்டும் சார். பார்சலை வாங்கிக்கிட்டு என் அக்கா எந்தப் பக்கம் போனா? பஸ் ஸ்டாப் பக்கமா, ஏரிப் பக்கமா? கொடுத்த தம்பியைக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் அக்கா போன வழியை எங்களைக் கேட்டால் எப்படி என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். அவருடைய அக்கா பெயர் கிரேஸ். வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒருநாள் கணவரோடு வாசலில் வந்து நின்றபோது அப்பா கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். தாழ்ப்பாள் போட்டது ஸ்டெல்லா டீச்சர். அப்போது அவர் பள்ளி மாணவி. அம்மா பின்பக்கமாக ஓடிப் போய், கையில் கிடைத்ததை கிரேஸிடம் கொடுத்தனுப்பினார். கையில் கிடைத்தது அச்சு முறுக்கு சுடுகிற இரும்பு அச்சு. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் அச்சு முறுக்கு சுடுவது எப்போதும் கிரேஸ்தான். அதற்கப்புறம் அக்காவும் வரவில்லை, அந்த வீட்டில் அச்சு முறுக்கும் இல்லை. அம்மா இறந்தபோது சொல்லி அனுப்ப விலாசம்கூட யாரிடமும் இல்லை.

"இந்த வருஷம் என்னமோ வாய் கேட்டுச்சு சார். அதான் ஒரு அச்சு ஆர்டர் பண்ணினேன். நான் சாயங்கால ஆராதனைக்குப் போயிருந்த நேரத்துல வந்திருக்கு. வந்து பாத்தா இந்த மெசேஜ். மறுபடியும் அச்சை எடுத்துக்கிட்டுப் போயிட்டா பாருங்களேன்னு சிரிச்சேன் சார். அவ என் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கா. நான் கோவமா இல்லைன்னு அவகிட்ட சொல்லணும். அவ்வளவுதான்."

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவர் கேட்டது பணமாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

எங்கள் வரிசையை மீறி முதலில் போட்டோவைத் திறந்தேன். பார்சலை வாங்கும் ஒரு பெண்ணின் கை. கீழே வாசற்படி. படிக்கு முன்னால் பெரிய புள்ளிக்கோலம். டிசம்பரில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கும், புள்ளிக்கோலம் இருக்காது. எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. மீதியை விளங்கிக்கொள்ள டெலிவரி செய்த செல்வாவைக் கூப்பிட்டேன். கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன். வேலையில் கெட்டிக்காரன், யாரிடமும் சிடுசிடுக்க மாட்டான். விலாசத்தைச் சொல்லி, யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அக்காகிட்ட குட்த்தேன் சார்."

"எந்த அக்கா?"

"இன்னா சார், அந்த வூட்ல இருந்த அக்காதான். அக்கா, பார்சல்னு கூப்ட்டேன். வந்து வாங்கிக்கினாங்க."

"அவங்க டீச்சரோட அக்காவா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா சார் தெரியும்? யாரு வாங்கினாங்கன்னு போன்ல கேட்டுச்சு. மதர், ஃபாதர், பிரதர், சிஸ்டர்னு லிஸ்ட்டு கீது. நான் அக்கான்னுதான கூப்ட்டேன்? அதான் சிஸ்டர் அமுத்துனேன். சிஸ்டர்னா அக்காதான சார்?"

நம் ஊரில் தெருவுக்குத் தெரு அக்காதான். பூக்காரம்மா அக்கா, டீக்கடைக்காரம்மா அக்கா, பஸ்ஸில் இடம் கொடுக்கிறவர் அக்கா. எங்கோ குளிர்பதன அறையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயாரித்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. செல்வா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னான், சிஸ்டம் அதை ரத்த உறவாக்கி ஒரு பெண்ணுக்கு எழுதி அனுப்பிவிட்டது.

வரைபடத்துப் புள்ளி ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தது. அங்கே கோயில் தெரு இரண்டாவது குறுக்கு, அதே கதவு எண். செல்போன் காட்டிய வழியை நம்பிப் போனவன் அங்கே கொடுத்துவிட்டான். மறுநாள் காலையில் அவன் வண்டியில் ஏறி அங்கே போனேன். கோலம் மாறியிருந்தது, படி அதேதான். கதவைத் திறந்தவர் நடுத்தர வயதுப் பெண், மல்லிகா என்று பெயர். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தார், கழுத்தில் அளவு நாடா. விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார்.

"ஐயய்யோ, என் பொண்ணுதான் அடிக்கடி எதையாவது வாங்கிப் போடுவா சார். அவதான்னு நெனச்சுப் பிரிச்சிட்டேன். பேரைப் பாக்கவே இல்ல."

உள்ளே போய் அச்சை எடுத்து வந்தார். எண்ணெய் தடவிக் கருகருவென்று இருந்தது. "புது அச்சுல மாவு ஒட்டும்ல சார். அதான் அரிசி கழுவின தண்ணியில ஊறப்போட்டு, எண்ணெயில காய வெச்சுப் பழக்கி வெச்சேன். இப்ப ஒட்டாது. அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார். காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக செம்பாக்கம் போனோம். செல்வா வண்டியோடு தெருமுனையில் நின்றுகொண்டான். "எனக்கு பேஜாரா கீது சார். நீங்களே சொல்லிடுங்க" என்றான். ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் நட்சத்திரம் தொங்கியது. கேட் ஒருக்களித்துத் திறந்திருந்தது. முன்னறையைக் கழுவிவிட்டிருந்தார். உள்ளறைக் கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு தெரிந்தது. உட்காரச் சொன்னவர் என் முகத்தையே பார்த்தார்.

"கேட்டைப் பூட்டி வைங்க டீச்சர். தெருவுல மாடு சுத்துது" என்று சம்பந்தமில்லாமல் ஆரம்பித்தேன்.

"பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவா சார்" என்றார்.

அதற்குமேல் சுற்றி வளைக்க எனக்குத் தைரியம் இல்லை. செல்வா சொன்னதை, மல்லிகா வீட்டுக் கோலத்தை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காகிதத்தைப் பிரித்து அச்சையும் காட்டினேன். அவர் கேட்டு முடித்ததும் செல்போனை எடுத்து அந்தப் பழைய செய்தியைத் திறந்தார்.

"பாருங்க சார். 'பொருளைத் தங்கள்'னு வரணும், 'த்' இல்ல. 'பெற்றுக்கொண்டார்'னு வரணும், 'க்' இல்ல. 'திருப்பித் தர', அதுலயும் 'த்' இல்ல. இவ்வளவு பிழை இருக்கிற செய்தியில விஷயமும் பிழையா இருக்கும்னு தோணியிருக்கணும் எனக்கு. காலம் பூரா தமிழ் சொல்லிக் கொடுத்தவ. அக்கான்னா யாரை வேணும்னாலும் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் அச்சை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"பழக்கியிருக்காங்களே."

"ஆமா டீச்சர். அந்தம்மாதான். இனிமே மாவு ஒட்டாதாம்."

"எங்க வீட்டுல இது அக்கா வேலை" என்றார். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிரித்துப் பயன்படுத்திய பொருளை மறுபடி வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடாது, கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதை நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"ஒரு உதவி செய்வீங்களா சார்? எனக்குப் பணம் திருப்பித் தர வேண்டாம். உங்க கம்ப்யூட்டர்ல 'சகோதரி பெற்றுக்கொண்டார்'னு இருக்கே, அது அப்படியே இருக்கட்டும்."

"அது தப்புன்னு தெரிஞ்சப்புறமுமா டீச்சர்?"

"ரேஷன் கார்டுல அவ பேரை அப்பா அடிச்சிட்டார். சர்ச் குடும்பப் பதிவுல அவ இல்ல. அம்மா கல்லறைக் கல்லுல பிள்ளைன்னு என் பேர் மட்டும்தான் வெட்டியிருக்கு. ஸ்டெல்லாவுக்கு ஒரு சகோதரி இருக்கான்னு எழுதியிருக்கிற ஒரே இடம் இப்ப உங்க கம்பெனிதான் சார். தப்பாவே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

மேடத்திடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியே வரும்போது கேட்டைச் சாத்தப் போனேன். "திறந்தே இருக்கட்டும் சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கஸ்தூரி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை வாசிக்க ஒன்றும் இல்லை. டீச்சர் சொன்னதை எனக்கு நினைவிருந்தபடி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். மேடம் பெட்டியிலிருந்து காலை இறக்கிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி அச்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடி வேற அச்சு ஒண்ணு நாமளே வாங்கிக் குடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"அவங்க அச்சா கேட்டாங்க?" என்றார். "பொருள் நம்ம கையில இருக்கு பாஸ்கர். பணமும் நம்மகிட்ட இருக்கு. ரெண்டையும் வெச்சுக்கிட்டு, அவங்க அக்கா வாங்கிட்டாங்கன்னும் நாம எழுதி வெச்சா அதுக்குப் பேர் என்ன? அவங்க சம்மதத்தோடன்னாலும் அது திருட்டுதான்."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவரும் அதோடு விடவில்லை. அச்சு கிடங்கில் ஸ்கேன் ஆனதும் பணத்தோடு ஒரு செய்தியும் டீச்சருக்குப் போகும். 'பொருளை பெற்றுகொண்டவர் தங்கள் சகோதரி அல்லர் என உறுதி செய்யபட்டது' என்ற வரி அதில் இருக்கும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பணத்தை மட்டும் அனுப்ப முடியுமா என்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவர் ஒருவரிடம் கெஞ்சிப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேரிடம் பேசினார். எல்லா ஊருக்கும் பொதுவான வாசகம், ஒரு ஆளுக்காக எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். எழுத்துப் பிழை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதைத் திருத்தலாம் என்றார்கள்.

"சரி, அதையாவது செய்வோம். டீச்சருக்குப் பிழை பிடிக்காதுன்னு சொன்னீங்களே, திருத்திக் குடுங்க" என்றார் மேடம்.

நான் திருத்தினேன். டீச்சர் சொல்லிக் காட்டியதை நினைவில் வைத்து, 'பொருளை'க்குப் பின்னால் 'ப்' போட்டேன். 'பெற்றுக்கொண்டவர்' என்று 'க்' போட்டேன். 'செய்யப்பட்டது' என்று 'ப்' போட்டேன். சத்தமாக ஒருமுறை படித்தும் பார்த்தேன். எங்கேயும் இடறவில்லை. அவருக்கு இதனால் ஒரு சின்னத் திருப்தியாவது கிடைக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். மனுஷனுக்கு எங்கேயெல்லாம் நம்பிக்கை வருகிறது பாருங்கள்.

"செய்தி போறதுக்கு முன்னாடி நீங்க நேர்ல போய்ச் சொல்லிடுங்க. மனுஷ வாயால கேக்கட்டும்" என்று மேடம் அனுப்பினார். அச்சைக் கிடங்குக்கு ஏற்றிவிட்ட கையோடு கிளம்பினேன். சாயங்காலம் ஸ்கேன் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள், அவகாசம் இருந்தது. ஆனால் கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. பண்டிகைக் கூட்டம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, வலிக்கிற முழங்காலோடு பாதித் தூரம் நடந்தேன். டீச்சரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒரு மெசேஜ் வரும் டீச்சர், அது மெஷின் எழுதறது, அதைப் படிக்காதீங்க, அழிச்சிடுங்க என்று சொல்லலாம் என முடிவு செய்தேன்.

சர்ச் தெரு இரண்டாவது குறுக்கில் திரும்பியதும் நட்சத்திரம் தெரிந்தது. கிட்டே போய்க் கேட்டைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்பக்கம் பூட்டுத் தொங்கியது.

கூப்பிட்டேன். டீச்சர் ஒரு கையில் சாவியும் மறு கையில் செல்போனுமாக வந்தார். பூட்டைத் திறந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார். நான் படியிலேயே நின்றேன்.

"முன்னாடியே வந்து சொல்லலாம்னு..." என்று இழுத்தேன்.

"பரவால்ல சார். வந்துடுச்சு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "பொருளைப் பெற்றுக்கொண்டவர் தங்கள் சகோதரி அல்லர் என உறுதி செய்யப்பட்டது." அந்த வரியில் இன்னொரு தடவை விரலை ஓட்டினார்.

வேலை பார்த்த காலத்தில் பணம் வரவில்லை என்று என்னிடம் அழுதவர்கள் அநேகம் பேர். பணம் வந்துவிட்டது என்று கண் கலங்கியவர் அவர் ஒருவர்தான்.

"யாரோ தமிழ் நல்லாத் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்க சார். ஒற்று எதுவும் விடல. 'அல்ல'ன்னு போடாம அக்காவுக்கு மரியாதை கொடுத்து 'அல்லர்'னு போட்டிருக்காங்க." செல்போனை அணைத்து, சாவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இதுல ஒரு பிழையும் இல்ல சார்."

நான் ஒரு 'க்'கையாவது விட்டு வைத்திருக்கலாம்.